சிம்பன்சிகள் சைவம் என்று ஜேன் குடால் கண்டறிந்தாரா?

சிம்பன்சிகளைக் காட்டிலேயே பல ஆண்டுகள் ஆராய்ந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் ஜேன் குடாலைப் பற்றி, ‘சிம்பன்சிகள் முழுச் சைவம் என்று அவர் நிறுவினார்; அதனால்தான் அவரும் இறைச்சியைக் கைவிட்டார்’ என்று பகிரப்படும் செய்தியின் இரு பகுதிகளுமே தவறானவை.

சிம்பன்சிகள் ஏறக்குறைய தாவர உண்ணிகளே என்று அறிவியலாளர்கள் நம்பியிருந்த 1960ஆம் ஆண்டில், இன்றைய தான்சானியாவிலுள்ள கோம்பே காட்டில் ஒரு சிம்பன்சி காட்டுப் பன்றிக்குட்டியைத் தின்றதைக் கண்டு, அந்த நம்பிக்கையைத் தகர்த்தவரே குடால்தான். சிவப்புக் கொலோபஸ் குரங்குகளை அவை வேட்டையாடுவதும் அங்கே பின்னர் பதிவானது. பழங்களே அவற்றின் முதன்மை உணவு என்றாலும் அவை சைவமல்ல. கண்டதை விருப்பத்துக்கேற்ப மாற்றாமல் எழுதிய ஒருவரின் பெயரில் இப்படியொரு செய்தி உலவுவது வருத்தத்துக்குரியது.

தொழிற்சாலை முறைப் பண்ணைகளில் விலங்குகள் படும் துன்பத்தைப் பற்றிப் படித்த பிறகே, 1970களில், அவர் இறைச்சி உண்பதை நிறுத்தினார்; தட்டிலிருந்த இறைச்சி அச்சத்தையும் வலியையும் மரணத்தையும் நினைவூட்டியதாக அவரே பலமுறை கூறியிருக்கிறார். கால்நடைத் தீவனத்துக்காகக் காடுகள் அழிவதையும் அவர் பிற்காலத்தில் காரணமாகச் சுட்டிவந்தார். சிம்பன்சிகளின் உணவுப் பழக்கம் அவர் இறைச்சியைக் கைவிட்டதற்குக் காரணமல்ல.