46 என்பது ஒரே சீசனின் கணக்கு அல்ல

2023 சீனியர் கோல்ஃப் பற்றிய ஒரு பதிவில் “லாங்கர் 46 வெற்றியோடு அந்த ஆண்டின் சாம்பியன் ஆனார்” என்று எழுதியிருக்கிறார்கள். இதைப் படிக்கும் புதியவர்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள்.

50 வயதைத் தாண்டியவர்கள் ஆடும் பிஜிஏ டூர் சாம்பியன்ஸ் தொடரில் பெர்ன்ஹார்ட் லாங்கரின் மொத்த வெற்றிகள்தான் அப்போது 46. அந்த ஆண்டில் அவர் வென்றவை இரண்டு. பிப்ரவரியில் சப் கிளாசிக்கை வென்று ஹேல் இர்வினின் 45 என்ற சாதனையைத் தொட்டார். அப்புறம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் யு.எஸ். சீனியர் ஓப்பனை வென்று அதைக் கடந்தார். அப்போது அவருக்கு 65 வயது! சொந்த மாநிலத்தில் ஆடிய ஸ்டீவ் ஸ்ட்ரிக்கர் அதில் இரண்டாமிடம்தான்.

ஆனால் சீசன் முழுவதற்குமான சார்லஸ் ஷ்வாப் கோப்பை ஸ்ட்ரிக்கருக்குத்தான் போனது. ஆறு வெற்றிகள், அதில் மூன்று மேஜர்கள், அதாவது தொடரின் மிக முக்கியமான போட்டிகள்: ட்ரெடிஷன், சீனியர் பிஜிஏ, சீனியர் பிளேயர்ஸ். ஒரு ஆண்டின் ஐந்து மேஜர்களில் மூன்றை ஒருவரே வெல்வது சாதாரணமா? கடைசிப் போட்டியில் ஆடாமலே கோப்பையை உறுதிசெய்யும் அளவுக்கு அவர் புள்ளிகளில் முன்னால் இருந்தார். லாங்கரின் சாதனை பெரியதுதான், சரி. அதற்காக ஸ்ட்ரிக்கரின் சீசனை மறைத்துவிடக் கூடாது. பதிவைத் திருத்திவிடுங்கள்.