ஓவன் உள்ளே பளபளக்க வேண்டாம், சுத்தமாக இருந்தால் போதும்

டிசம்பர் கேக் ஆர்டர்கள் குவியும் முன்னால் இதை எழுதிவிட வேண்டும். நம்ம வேலூரில், சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் வீட்டிலேயே கேக், பிஸ்கட் செய்து விற்கும் பெண்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் வாங்கும்போது எத்தனை லிட்டர், எத்தனை வாட், கரண்ட் பில் எவ்வளவு ஏறும் என்று துருவித் துருவிக் கேட்கிறோம். உள்ளே எப்படித் துடைப்பது என்று கடைக்காரரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. ஒருநாள் குபுகுபுவெனப் புகை கிளம்பியதும் பயந்துபோய், பாத்ரூம் ஆசிட் வரைக்கும் எடுத்து வைத்துத் தேய்க்க உட்கார்ந்துவிடுகிறோம். ஓவனும் பாழ், கையும் பாழ். தேவையே இல்லாத வேலை இது.

முதலில் உள்ளே இருப்பது என்ன அழுக்கு என்று பாருங்கள். சுவரெல்லாம் பழுப்பாக, விரலால் தடவினால் வழவழவென்று, நகத்தால் சுரண்டினாலும் வராமல் ஒரு படலம் இருக்கும். எண்ணெய்த் துளி சூட்டிலும் காற்றிலும் இறுகிப்போய் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டது அது. தோசைக்கல் பழகிக் கறுப்பாவதும் இப்படித்தான். இந்தக் கறையால் கேக்குக்கு ஒரு கெடுதலும் கிடையாது. அதைப் போக்கியே தீருவேன் என்று கம்பி நாரால் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. உள்சுவரின் பூச்சு கீறிவிடும், கீறிய இடத்தில் துரு ஏறும். உதிரும் கம்பித் துணுக்கு, ஓவனைச் சூடேற்றும் குழாயான ராடில் சிக்கிக்கொண்டால் அது வேறு ஆபத்து.

கவலைப்பட வேண்டியது இன்னொரு வகை. பிசுபிசுவென்று விரலில் ஒட்டும் எண்ணெய், கீழ்த் தட்டில் சிந்திய கேக் தூள், வழிந்து கருகிய சர்க்கரைப் பாகு. புகையும் நாற்றமும் இவற்றிலிருந்துதான் வருகின்றன. வெண்ணெய் 175 டிகிரி வாக்கிலேயே புகைய ஆரம்பிக்கும். நாம் சிக்கனுக்கு 230 வைக்கிறோம். போன வாரம் சிந்திய வெண்ணெய் இந்த வாரம் புகையாமல் என்ன செய்யும்? ஞாயிற்றுக்கிழமை மீன் சுட்ட ஓவனில் திங்கட்கிழமை வெனிலா கேக் வைத்தால், வெட்டும்போதே தெரிந்துவிடும்.

நம்ம ஊர் முள்ளுக் கத்திரிக்காயை ஓவனில் சுடுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளச் சுடும்போது, கீறாமல் முழுசாக வைக்காதீர்கள். உள்ளே நீராவி சேர்ந்து படாரென்று வெடிக்கும். சதையும் விதையும் மேல் ராடில் போய் அப்பிக்கொள்ளும். மேல் ராடில் ஒட்டியதை எடுப்பதுபோல் கஷ்டமான வேலை இதில் வேறில்லை. நாலு இடத்தில் கத்தி முனையால் குத்தி, அடியில் ஒரு ட்ரே வைத்துவிட்டால் அந்தத் தலைவலியே கிடையாது.

சுத்தம் செய்வதற்கு வீட்டில் இருக்கும் ஆப்பசோடாவே போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நன்றாக ஆறிய பிறகு ஆரம்பியுங்கள். கம்பித் தட்டு, ட்ரே, கீழே இழுக்கும் தூள் தட்டு மூன்றையும் வெளியே எடுத்து வெந்நீரில் பாத்திர சோப்பு போட்டு ஊற விடுங்கள். மூன்று பங்கு ஆப்பசோடாவுக்கு ஒரு பங்கு தண்ணீர் விட்டுக் குழைத்து, பிசுக்கு உள்ள இடத்தில் மட்டும் பூசுங்கள். ராடு மேலும், காற்றோட்ட ஓட்டைகளிலும் படக்கூடாது. இரவு பூசி விட்டால் காலையில் வெள்ளைப் பூச்சு ஓரமெல்லாம் பழுப்பேறி, லேசாக வெடித்து நிற்கும். ஈரத் துணியை நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடைத்தால் பிசுக்கும் சேர்ந்து உருண்டு வரும். மூலைகளுக்கு ஒரு பழைய டூத் பிரஷ். அவ்வளவுதான்.

ஆப்பசோடா பூசி அதன்மேல் வினிகர் ஊற்றினால் நுரை பொங்குவதை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காரமும் புளிப்பும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம் உப்பும் தண்ணீரும்தான். நுரை அடங்கிய பிறகு தேய்க்கும் சக்தி எங்கே இருக்கும்?

ராடைப் பற்றி அலட்சியம் வேண்டாம். அந்தக் குழாய்க்குள் சூடேறும் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்திருக்கிறார்கள். ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொடி அது. ராடின் முனை வழியாகத் தண்ணீர் இறங்கினால் அடுத்த முறை சுவிட்ச் போட்டதும் வீட்டு மெயின் டிரிப் ஆகலாம். உலர்ந்த துணியால் மெல்லத் துடைத்தால் போதும், மீதி தானாக எரிந்து உதிர்ந்துவிடும். அடியில் அலுமினியத் தாள் விரித்துவிட்டால் துடைக்கும் வேலை மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது ராடில் பட்டால் ஆபத்து, படாவிட்டாலும் சூட்டின் ஓட்டத்தைக் கெடுத்துக் கேக்கின் அடிப்பக்கத்தை வேகவிடாது.

இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே காஸ்டிக் சோடா கலந்த ஓவன் கிளீனர்கள்தான். காரம் எவ்வளவு என்று காட்டும் பி.எச். அளவு அவற்றில் 13, 14 வரை போகும். ஆப்பசோடாவோ 8-ஐ ஒட்டித்தான். காஸ்டிக் கொழுப்பைச் சோப்பாகவே மாற்றிவிடும், உண்மைதான். ஆனால் அலுமினியத்தை அரிக்கும். அலுமினிய ட்ரே, அலுமினியப் பூச்சுள்ள உள்சுவர் எல்லாம் அதற்கு இரைதான். நம் தோலும் அதற்குக் கொழுப்புதான். இந்த வேலையை நம்மில் பலர் வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் தள்ளிவிடுகிறோம், கையுறைகூடக் கொடுப்பதில்லை. எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல மா, லேசா எரியுது. தேங்காய் எண்ணெய் தடவுனா சரியாப் பூடும்" என்றார். எண்ணெய் தடவக் கூடாது. ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கையைக் காட்ட வேண்டும், எரிச்சல் அடங்காவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். இதைப் படிக்கத் தெரிந்த நாம் டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காமல் அவர் கையில் கொடுப்பது பெரிய அநியாயம். நம் ஓவனை நாமே துடைப்போம்.

கண்ணாடிக் கதவுக்கு ஒரு விஷயம். நம்ம போர் தண்ணி உப்பு என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதில் துடைத்தால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். கடைசித் துடைப்புக்கு மட்டும் கேன் தண்ணீர் எடுங்கள். கதவு சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் படவே கூடாது, கண்ணாடி விரிசல் விடும்.

மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் உள்ளே பக்கச் சுவரில் இருக்கும் மெல்லிய மைக்கா தகட்டைப் பார்சலோடு வந்த அட்டை என்று நினைத்துப் பிய்க்காதீர்கள். அதில் குழம்பு தெறித்துக் கருகினால் பொறி பறக்கும். எலுமிச்சைத் துண்டு போட்ட தண்ணீரை ஒரு மரக்கரண்டியோடு 3, 4 நிமிடம் சூடாக்கி, ஆவியில் ஊறியதும் துடைத்தால் வந்துவிடும்.

அக்னி நட்சத்திரத்தில் நம்ம ஊரில் யாரும் ஓவன் பக்கம் போகமாட்டோம். மூடி வைக்கும் முன் தூள் தட்டைக் கழுவிக் காயவைத்து வையுங்கள். இல்லாவிட்டால் அது எறும்புக்கும் கரப்பானுக்கும் வீடாகிவிடும். கழுவித் துடைத்த பின் ஜன்னலைத் திறந்துவிட்டு, வெறும் ஓவனை 150 டிகிரியில் 10 நிமிடம் ஓடவிட்டால் மிச்ச ஈரமும் போய்விடும்.

ஒன்று மட்டும் எவ்வளவு துடைத்தாலும் தீராது. முட்டை சேர்க்காத கேக் வேண்டும் என்று சைவக் குடும்பத்திலிருந்து ஆர்டர் வந்தால், இதே ஓவனில் சிக்கனும் சுடுகிறோம் என்று முன்பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கேட்ட பிறகு வேண்டுமா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.