பழைய சைக்கிளுக்கு பிபி மாத்தப் போறீங்களா, முதல்ல அளந்து பாருங்க

பிபி (பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் கிராங்க் சுத்துற அச்சும் அதோட பேரிங்கும்) போயிடுச்சுன்னு சொல்லி மொத்த சைக்கிளையும் இரும்புக்குப் போடுறவங்கள பாத்தா எனக்கு வயிறு எரியுது. ஃப்ரேம் கல்லு மாதிரி இருக்கும், ஒரு விரிசல் இருக்காது, மிதிக்கும்போது டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம், கிராங்க பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டினா லொடலொடன்னு ஒரு ஆட்டம், அவ்வளவுதான் அதுக்கு வியாதி. இதுக்குப் போய் வண்டிய தூக்கிப் போடுவாங்களா?

அப்பா ஓட்டின சைக்கிளுக்கு போன வாரம் நானே பிபி மாத்தினேன். சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணுதான், இந்த வேலையில கைபலத்த விட ஸ்கேல்தான் முக்கியம். அளக்காம ஸ்பேனர எடுத்தீங்கன்னா மரை போயிடும், ஃப்ரேம்ல மரை போனா அப்புறம் அத சரி பண்றது பெரிய பாடு.

முதல்ல கழட்டுற திசை. பெரும்பாலான பழைய ஃப்ரேம்ல இருக்கிறது பிஎஸ்ஏ மரை (பிரிட்டிஷ் அளவு), அதுல செயின் இருக்கிற வலது பக்கக் கப்புக்கு (பால்ரஸ் உக்கார்ற, ஃப்ரேமுக்குள்ள திருகுற கிண்ணம்) மரை தலைகீழ், இடது பக்கம் எப்பவும் போல. ஏன் அப்படின்னா மிதிக்க மிதிக்க பால்ரஸ் உருள்ற விதத்துல கப் கொஞ்சம் கொஞ்சமா எதிர்த்திசையில ஊர்ந்து போகும், சாதா மரையா இருந்தா தானா கழண்டுரும். இது தெரியாம நான் அரை மணி நேரம் வலது கப்ப இன்னும் இறுக்கிக்கிட்டே இருந்திருக்கேன், கப்போட விளிம்பு மழுங்கினதுதான் மிச்சம். இப்ப ஒரு வழி வச்சிருக்கேன், சைக்கிள நேரா நிக்க வச்சு ஸ்பேனர் கைப்பிடி மேல பாத்து இருக்கிற மாதிரி மாட்டுங்க, பிஎஸ்ஏல எந்தப் பக்கமா இருந்தாலும் முன் சக்கரத்த நோக்கித் தள்ளினா கழலும், பின் சக்கரத்த நோக்கித் தள்ளினா இறுகும். வண்டிய கவுத்துப் போட்டு வேலை செஞ்சா இது அப்படியே மாறிடும், அத மறந்துராதீங்க.

மழுங்கின கப்புக்கும் வழி இருக்கு. அச்ச உருவிட்டு, கப் ஓட்டை வழியா ஒரு கனமான போல்ட்ட விட்டு ரெண்டு பக்கமும் வாஷர் போட்டு நட்டால நெருக்குங்க, அப்புறம் போல்ட் தலைய வெளியில இருந்து கடிகாரம் சுத்துற பக்கமா திருப்புங்க. போல்ட் இறுக இறுக கப்பையும் சேத்துப் பிடிச்சு இழுத்துட்டு வரும். எனக்கு 'டக்'னு ஒரு சத்தத்தோட துருப் பொடி கொட்டி கப் அசைஞ்ச அந்த நிமிஷம் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. தலைகீழ் மரைக்கு மட்டும்தான் இப்படித் திருப்பணும்.

எல்லா ஃப்ரேமும் பிஎஸ்ஏ கிடையாது. ஷெல், அதாவது பிபி உக்கார்ற ஃப்ரேம் குழாயோட அகலத்த அளங்க, 68 மில்லின்னா பெரும்பாலும் பிஎஸ்ஏ, 70னா இத்தாலி, அதுல ரெண்டு பக்கமும் சாதா மரை. ஏமாத்துறது பழைய பிரெஞ்சு ஃப்ரேம்தான், அதுவும் 68, ஆனா கப் 35 மில்லி, பிஎஸ்ஏ கப் 34.8. அந்த 0.2 மில்லிய நம்பி உள்ள திருகினா ரெண்டு சுத்து போகும், அப்புறம் கடிக்கும். நாட்டிங்ஹாம்ல செஞ்ச பழைய ராலே பலதுல அங்குலத்துக்கு 26 மரை, கடையில கிடைக்கிற கப்புல 24. நிறைய கப்புல அளவ பொறிச்சே வச்சிருப்பாங்க, மண்ணெண்ணெயில துடைச்சுப் பாருங்க.

மாத்துறதுக்கு முன்னாடி மாத்தணுமான்னும் பாக்கணும். கப்பும் அச்சும் குண்டும் தனித்தனியா வர்ற பழைய கப்-கோன் வகையில பக்கத்துக்கு கால் அங்குல குண்டு 11தான் இருக்கும். கப்புல குண்டு ஓடுற தடத்துல பால்பாயிண்ட் பேனா முனைய மெதுவா ஓட்டிப் பாருங்க, வழுக்கிட்டு போச்சுன்னா குண்டையும் கிரீஸையும் மாத்தினா போதும், எங்கயாவது தடுக்கினா அங்க குழி விழுந்திருக்கு, மாத்தித்தான் ஆகணும்.

அடுத்தது அச்சு நீளம், நான் அடிபட்ட இடம். பழைய அச்சு 122.5 இருந்துச்சு, அதே 122.5ல கேட்ரிட்ஜ் பிபி (அச்சும் பேரிங்கும் ஒரே கட்டா வர்றது) வாங்கி மாட்டினேன், பெரிய பல்சக்கரம் செயின் ஸ்டேல, அதாவது பின் சக்கரத்துக்குப் போற ஃப்ரேம் குழாய்ல போய் உரசுது. அப்புறம்தான் பாத்தேன், பழைய அச்சு வலது பக்கம் 5 மில்லி நீளம், இடது பக்கம் குட்டை. புதுசு ரெண்டு பக்கமும் சமம், அதனால வலது பக்கம் 2.5 மில்லி உள்ள வந்துருச்சு. 127.5 வாங்கினதும் சரியாப் போச்சு. அதனால வலது பக்கம் எவ்வளவு நீட்டிட்டு இருக்குன்னு தனியா அளந்து எழுதி வச்சுக்கோங்க. கிராங்க் கேம்பக்னோலோ கம்பெனியோடதுன்னா அச்சு முனையும் வேற, ஷிமானோவுக்கு உள்ளது ஒத்து வராது.

மாட்டும்போது மரைய பழைய டூத்பிரஷ்ஷால தேய்ச்சு, கிரீஸ் தடவி, வலது பக்கத்துல இருந்து ஆரம்பிங்க. முதல் நாலு சுத்து வெறும் விரலால போகணும், போகலன்னா வெளிய எடுத்துட்டு மறுபடி வைங்க, அந்த இடத்துல மட்டும் தயவுசெஞ்சு ஸ்பேனரத் தொடாதீங்க. முழுசா உள்ள போனதும் 50ல இருந்து 70 நியூட்டன் மீட்டர் வரைக்கும் இறுக்கலாம்.

அந்தப் பழைய பிரெஞ்சு கப் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, நண்பர் ஒருத்தர் ஆறு மாசமா தேடிக்கிட்டு இருக்கார், ஃப்ரேம இன்னும் தூக்கிப் போடல.