ஆறு மாதத்தில் வீடு திரும்பலாம் என்றால்

போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தொண்டர்கள் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயில்தான் ஆரம்பிக்கிறார்கள். மனிதர் ஓட்டியதென்னவோ சில வாரங்கள்தான். முதல் உலகப் போரில், 1918 ஜூலையில் இத்தாலியில் அடிபட்டபோதுகூட வண்டியில் இல்லை, முன்வரிசைச் சிப்பாய்களுக்குச் சாக்லேட்டும் சிகரெட்டும் கொடுக்கப் போயிருந்தார். அந்த வேலையின் கஷ்டம் தெரிய வேண்டுமானால் அவரை விட்டுவிட்டு பிரான்சின் வோஸ்ஜ் மலைப்பக்கம் போக வேண்டும்.

1915இல் அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ் என்ற தொண்டர் ஆம்புலன்ஸ் அமைப்பு அங்கே போனது. அமெரிக்கா அப்போது போரிலேயே இல்லை. காயம்பட்டவர்களைக் கோவேறு கழுதை மேல் வைத்து இறக்கிக்கொண்டிருந்த மலைப்பாதை அது. இவர்கள் கொண்டுபோனது ஃபோர்டு மாடல் டி. 20 குதிரைத்திறன், கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். பின்னால் ஒரு மரப்பெட்டி, அதில் மூன்று ஸ்ட்ரெச்சர். பெட்ரோலுக்கு பம்ப் கிடையாது, டேங்கிலிருந்து அதுவாக இறங்கி எஞ்சினுக்கு வர வேண்டும். டேங்கில் கொஞ்சமாக இருக்கும்போது செங்குத்தான ஏற்றம் வந்தால் எஞ்சின் நின்றுவிடும். மாடல் டி ஓட்டியவர்களுக்கு அதற்கும் வழி தெரியும்: வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றுவது! சறுக்கிப் பள்ளத்தில் இறங்கினால் நாலைந்து பேர் சேர்ந்து தூக்கிவிடலாம், அவ்வளவு லேசான வண்டி.

இரவில் விளக்குப் போடக் கூடாது. வேகமாகப் போனால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்னால் இருப்பவர் உடைந்த எலும்போடு அலறுவார். மெதுவாகப் போனால் ஷெல் விழும் இடத்தில் கூடுதல் நேரம் இருக்க வேண்டும். அந்தக் கணக்கை இருபது வயதுப் பையன் தனியாகப் போட்டான். எனக்கு இதுதான் வீரம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த ஓட்டுநர்கள் பெரும்பாலும் ஹார்வர்டு மாதிரி கல்லூரிகளில் படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகள். கப்பல் செலவு, உடுப்புச் செலவு சொந்தக் காசு. ஒப்பந்தம் ஆறு மாதம். முடிந்ததும் ஊருக்குப் போகலாம். அவர்கள் வண்டியில் காயம்பட்டவரை ஏற்றிவிட்ட பிரெஞ்சு ஸ்ட்ரெச்சர்காரனுக்கு அப்படி ஒரு தேதி இல்லை. புகைப்படத்தில் அவன் ஓரமாக நிற்பான், அல்லது இருக்கவே மாட்டான்.

நம் ஆட்கள் கதையும் இதில் உண்டு, வண்டி இல்லாமல். 1899இல் தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் நடந்த போரில் காந்தி அங்குள்ள நேட்டாலில் திரட்டிய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். அதில் 800 பேர் போல ஒப்பந்தக் கூலிகள், முதலாளிகள் அனுப்பிவைத்தவர்கள். நேட்டாலுக்குச் சென்னையிலிருந்து கப்பலேறியவர்களே அதிகம் என்பதால் தமிழரும் தெலுங்கரும் இதில் கணிசமாக இருந்திருப்பார்கள். சில நாள் ஸ்ட்ரெச்சரைத் தோளில் வைத்து 20, 25 மைல் நடந்தார்கள். அவர்களிடம் விருப்பம் கேட்டிருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான். போர்ப் பதக்கம் தலைவர்களாக இருந்த 37 பேருக்குப் போனது.

நேட்டால் போன கூலிகளின் கப்பல் பதிவேடுகள் இன்னும் இருக்கின்றன. பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் அதில் உண்டு. ஹெமிங்வேயைப் பற்றி அடுத்த கட்டுரை எழுதப்போகிறவர்கள் ஒருமுறை அந்தப் பக்கமும் போய்ப் பார்க்கலாம்.