வண்டி இழுக்கும் பக்கம்தான் கோளாறா?

“பழைய காரில் பிரேக் பிடித்தால் இடப்பக்கம் இழுக்கிறதா? இடது பிரேக்தான் டைட். அதைக் கொஞ்சம் லூஸ் பண்ணுங்கள், சரியாகிவிடும்.” வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்த யோசனை பெரும்பாலும் தவறு, ஆபத்தும்கூட.

இடப்பக்கம் இழுத்தால், இடது பிரேக் ஒழுங்காகப் பிடித்து வலது பிடிக்காமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். வெகுநாள் ஓடாமல் நின்ற வண்டியில் வலது வீல் சிலிண்டரின் (ஆயில் அழுத்தத்தால் பிரேக்கைத் தள்ளும் பாகம்) பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். துருவுக்கு அதுதான் மூலம். நல்ல பக்கத்தையும் லூஸ் செய்தால் இழுப்பு குறையும், வண்டியும் நிற்காது!

பெடலை விட்ட பிறகும் இழுத்தால் கதை வேறு. அப்போது இழுக்கும் பக்கம்தான் சந்தேகம். சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் பழைய ரப்பர் ஹோஸ் (குழாய்) வெளியே பளபளப்பாக இருக்கும். உள்ளே உப்பி அடைத்திருக்கும். மிதிக்கும்போது ஆயில் போகும், திரும்பி வராது.

சோதிப்பது எளிது. ஜாக்கியோடு ஸ்டாண்டும் வைத்து, பெடலை மிதித்து, காலை எடுத்த பிறகு இழுக்கும் பக்கத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். சுற்றவில்லையா? சக்கரத்தருகே பிரேக் ஆயிலை வெளியேற்றும் சிறு திருகான பிளீடிங் நிப்பிளை லேசாகத் திறங்கள். ஆயில் பீய்ச்சி சக்கரம் விடுபட்டால் பெரும்பாலும் ஹோஸ்தான். அப்படியும் இறுகியே இருந்தால் பிஸ்டன் அல்லது ஷூவை (டிரம்மில் உரசிப் பிடிக்கும் பாகம்) பாருங்கள். நிப்பிளைத் திறந்தால் பிறகு பிளீடிங் (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவது) செய்தே ஆகவேண்டும்.

பிரேக்கில் குறையே இல்லையென்றால் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷைக் கம்பியால் நெம்பிப் பாருங்கள். அது தேய்ந்திருந்தாலும் பிரேக் பிடிக்கையில் சக்கரம் பின்னுக்கு நகர்ந்து ஸ்டியரிங் ஒருபக்கம் ஓடும்.