தொட்டிச் செடியின் கதை வேறு

ஸ்பெயினின் முர்சியா பகுதி நர்சரிகளில் உப்பு மிஞ்சியிருக்கும் சுத்திகரித்த கழிவுநீர் பாய்ச்சுவது பற்றிய இக்கட்டுரை, 'அரளி உப்பைத் தாங்கும், கவலையில்லை' என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறது. நிலத்தில் நிற்கும் அரளிக்குச் சரி. தொட்டியில்? நாலு லிட்டர் மண்ணுக்குள் வேர் எங்கே தப்பி ஓடும்? நீரைச் செடி குடித்துவிடுகிறது. உப்பு அங்கேயே தங்கி, ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஏறிக்கொண்டே போகிறது. அடித்துளை வழியாக வடியும் அளவுக்குக் கூடுதலாக ஊற்றினால்தான் அது கழுவிக்கொண்டு போகும். அப்போது உரமும் கூடவே போய்விடும். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் இது இரட்டை நஷ்டம்.

தெளிப்பான் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. இலையில் படும் உப்புநீர் நேராக உள்ளே புகுந்து விளிம்பைக் கருக்கிவிடும். சொட்டுநீர்ப் பாசனத்தில் நன்றாக இருக்கும் செடிகூடத் தெளிப்பானில் அழகு கெட்டுவிடும். கருகிய இலையுள்ள அலங்காரச் செடியை யார் வாங்குவார்கள்?

அட்ரிப்ளெக்ஸ் ஹாலிமஸ் புதரையாவது சொல்லியிருக்கலாம். இலைமேலுள்ள நுண்பைகளில் உப்பை ஒதுக்கிவைக்கும் கெட்டிக்காரச் செடி அது. அந்த வெள்ளிப் பூச்சே அதனால்தான். டாமரிக்ஸ் என்ற புதரோ இலைச் சுரப்பிகள் வழியே உப்பை வெளியே தள்ளிவிடுகிறது. அடுத்த பகுதியில் தொட்டியிலிருந்து வடியும் நீரின் மின்கடத்துதிறனையும் (அதில் எவ்வளவு உப்பு என்று காட்டும் அளவு) எழுதுங்கள்.