சிக்ஸ் பேக் சண்டை போடாது

ஆக்‌ஷன் படம்னு அறிவிச்சதும் முதல்ல வர்றது ஹீரோ சட்டையில்லாம ஜிம்ல நிக்கிற போட்டோ. கீழே "வெறித்தனமான உழைப்பு"ன்னு கமெண்ட் குவியும். உழைப்புதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா சட்டையில்லாத காட்சிக்கு முன்னாடி தண்ணியைக் குறைச்சு உடம்பை வத்தவெச்சுதான் அந்த நரம்பெல்லாம் புடைக்குது. சூப்பர்மேனா நடிச்ச ஹென்றி கேவில் இதை வெளிப்படையாவே பேசியிருக்கார். அந்த நிலைமையில இருக்கிற ஆளால நாலு படி ஓடி ஏற முடியுமா?

திரையில ஒரு குத்து எப்படி விழுதுன்னு கவனிச்சிருக்கீங்களா? கேமரா ஒருத்தர் தோளுக்குப் பின்னாடி இருக்கும். கை, எதிராளி முகத்தைத் தொடாம ஒரு சாண் தள்ளித்தான் போகும். சரியான நொடியில வாங்குறவர் தலையைத் திருப்பினாதான் அது அடி. கொஞ்சம் பிந்தினா காமெடி. ஆக, வேணுங்கிறது டைமிங், காலடி, இருபது அசைவை வரிசை மாறாம நினைவு வெச்சுக்கிற மூளை. பத்தாவது டேக்லயும் கை தளராத மூச்சு.

அதனாலதான் டான்ஸர்கள் இதுல ஜெயிக்கிறாங்க. ஹாங்காங் சண்டைப் படங்கள்ல பேர் வாங்கின மிஷெல் யோ சின்ன வயசுல படிச்சது பாலே. 'க்ரௌச்சிங் டைகர்' படத்துல வாள் சண்டை போட்ட ஜாங் ஸீயியும் நடனப் பள்ளியில இருந்து வந்தவர்தான். நிஜமாவே சண்டை கத்துக்கிட்டவங்களுக்கு வேற சிக்கல். குத்து வர்றது எதிராளிக்குத் தெரியக் கூடாதுன்னு பழகின உடம்பு அது. சினிமாவுலயோ கடைசி வரிசையில உக்காந்திருக்கிறவருக்கும் தெரியணும். இந்தோனேஷியாவோட 'தி ரெய்ட்' பட ஹீரோ இகோ உவைஸ் மாதிரி ரெண்டையும் சேர்த்துக் கொண்டுவர்றவங்க அபூர்வம்.

அப்புறம், நேரம். 'மேட்ரிக்ஸ்' நடிகர்களுக்கு ஹாங்காங் ஸ்டண்ட் மாஸ்டர் யூன் வோ பிங் மாசக்கணக்குல பயிற்சி கொடுத்தார். ஹீரோ கியானு ரீவ்ஸ் அப்பதான் கழுத்து ஆபரேஷன் முடிச்சு வந்திருந்தார், உதைக்கவே முடியலை. மாஸ்டர் ஆளை மாத்தச் சொல்லலை. அந்த உடம்புக்கு ஏத்த மாதிரி சண்டையை அமைச்சார். அதுல ரீவ்ஸுக்கு டூப் போட்ட சாட் ஸ்டஹெல்ஸ்கிதான் பின்னாடி 2014ல அதே ரீவ்ஸை வெச்சு 'ஜான் விக்' எடுத்தார். ஹீரோவுக்கு என்ன வரும்னு தெரிஞ்சவர், அதனால தைரியமா கட் பண்ணாம நீள நீளமா ஷாட் வெச்சார். பயிற்சியில்லாத ஹீரோவுக்கு எடிட்டர்தான் சண்டை போடணும்.

"டூப்பே போடலை"ன்னு பெருமை பேசுறதும் எனக்கு ஒப்பாது. 2017ல டாம் குரூஸ் கட்டடம் விட்டுக் கட்டடம் தாவி கணுக்கால் உடைஞ்சு, ஷூட்டிங் வாரக்கணக்குல நின்னுது. அவரே தயாரிப்பாளர், சமாளிச்சார். எல்லாருக்கும் அது கட்டுப்படியாகுமா? டூப் போடுறது திருட்டு வேலை இல்லை, தொழில். ஆஸ்கர்காரங்களே இப்பதான் முழிச்சுக்கிட்டு, 2027ல வர்ற படங்கள்ல இருந்து ஸ்டண்டுக்குத் தனி விருதுன்னு அறிவிச்சிருக்காங்க. அதுவும் நூறாவது விழாவுல!

இப்போ ஸ்டண்ட் மாஸ்டரை எப்பக் கூப்பிடுறாங்க? ஹீரோ, தேதி, சம்பளம் எல்லாம் முடிவானப்புறம். ஆடிஷன் அறையிலேயே அவருக்கு ஒரு நாற்காலி போடுங்க. எட்டு அசைவு சொல்லிக் கொடுக்கட்டும், செய்யச் சொல்லட்டும், நல்லா ஓடவிட்டு மூச்சு வாங்குறப்ப அதே எட்டைத் திரும்பக் கேக்கட்டும். போட்டோ ஷூட்டை அப்புறம் வெச்சுக்கலாம்.